உன் ஆசானின் ஆசான் யார்?

பன்னிரண்டு வயதில் வியாசர்பாடியில் குத்துச்சண்டை கிளவுஸ் மாட்டியவன் நான். இப்போது டைல்ஸ் வியாபாரம். சரக்குப் பார்க்க ஆண்டுக்கு இரண்டு முறை சீனாவின் ஃபோஷான் நகருக்குப் போவேன். எந்த ஊரில் இருந்தாலும் காலையில் ஸ்கிப்பிங் கயிறும் எதிராளி இல்லாமல் காற்றில் குத்திப் பழகும் ஷேடோ அரை மணி நேரமும் உண்டு. அது இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது.

ஃபோஷானில் சூமியாவ் என்றொரு பழைய கோயில் இருக்கிறது. அந்த வளாகத்திலேயே வோங் ஃபே ஹுங்குக்கும் இப் மேனுக்கும் நினைவுக்கூடங்கள். 1893இல் இதே ஊரில் பிறந்த இப் மேன்தான் பிற்பாடு ஹாங்காங்கில் புரூஸ் லீக்கு விங் சுன் என்ற குங்ஃபூ வகையைக் கற்றுக்கொடுத்தார். வோங் ஃபே ஹுங் சண்டை ஆசான் மட்டுமல்ல, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியரும்கூட. குமரி மாவட்டத்து வர்ம ஆசான்களைப் போலத்தான்.

கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சந்தில் சின்னப் பயிற்சிக்கூடம். விங் சுன் அடித்துப் பழகுவதற்கான, மூன்று கையும் ஒரு காலும் வைத்த மரக்கட்டையை அங்கே தரையில் புதைத்து நட்டிருந்தார்கள். ஹாங்காங்கின் மாடி வீடுகளில் புதைக்க மண் ஏது? அதனால் அங்கே மரச்சட்டம் அடித்து அதில் மாட்டிக்கொண்டார்களாம். பயிற்சிக்கூடத்தில் இருந்த பெரியவர் சொல்ல, கூட வந்த மொழிபெயர்ப்பாளர் பெண் எனக்குச் சொன்னாள்.

பெரியவர் கேட்டாரென்று நேராக ஒரு ஜேப், பக்கவாட்டில் ஒரு ஹூக் என்று குத்திக் காட்டினேன். அவர் பேசாமல் என் இடது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். பழைய வீக்கம். சாராயத்தில் மூலிகை ஊறிய கறுத்த தைலத்தை ஊற்றி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். தேய்த்தபடியே கேட்டார்: “உன் ஆசானின் ஆசான் யார்?”

சுவரில் வரிசையாக அவருடைய ஆசான்களின் படங்கள், கீழே ஊதுவத்தி. குங்ஃபூ ஆசானை ‘சிஃபூ’ என்பார்கள். அதில் ‘ஃபூ’ என்றால் அப்பா. இருபது வருடம் ஒருவரிடம் பாடம் கேட்டிருக்கிறேன், அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. சொந்தத் தாத்தா பெயர் தெரியாதவன் போல நின்றேன்.

அன்றிரவே மாஸ்டருக்கு போன் போட்டேன். “எங்க வாத்தியார் ஹார்பர்ல மூட்டை தூக்குனவர்ப்பா. ஷிஃப்ட் முடிச்சுட்டு நேரா வந்து, சாக்குல மணல் கட்டி எங்களை அடிக்க வைப்பார்” என்றார். படம் இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “என் கல்யாண ஆல்பத்துல ஓரமா நிப்பார், தேடிப் பார்க்கிறேன்” என்றார்.