பாசி நீரை மெதுவாக்குமானால் அங்கே கொந்தளிப்பு எப்படி வருகிறது?

கால்வாயோரவாசி:
வணக்கம். நான் கொழும்பில் கிருலப்பனைக் கால்வாய்க்கு அருகில் குடியிருக்கிறேன். மழை ஓய்ந்த மறுநாள் பாலத்தில் நின்று பார்த்தால், அடியில் வேரூன்றிய வேலம்பாசி முழுவதும், காற்றடிக்கும் நெல்வயலைப் போல, அலை அலையாகக் குனிந்து நிமிர்கிறது. செடிகள் நீரோட்டத்தை மெதுவாக்கும் என்றே படித்திருக்கிறேன். அப்படியானால் இந்தக் கொந்தளிப்பு எங்கிருந்து வருகிறது? பாசியை அடியோடு அள்ளிவிட்டால் வெள்ளம் குறையுமா?

நீரியல் ஆசிரியர்:
நீங்கள் கண்டது முற்றிலும் சரி. பாசிக்குள்ளே நீர் தவழ்கிறது. அதற்கு மேலே தடையின்றி விரைகிறது. இந்த இரு வேகங்களும் உரசும் இடத்தில், அதாவது செடிகளின் நுனிமட்டத்தில், பெரிய சுழிகள் உருவாகி வரிசையாக உருண்டு செல்கின்றன. ஒவ்வொரு சுழியும் கடக்கும்போதுதான் பாசி குனிகிறது. ஒவ்வொரு தண்டின் பின்னாலும் சிறு சுழிகள் வேறு உண்டு. ஆகவே வேகம் குறைவதும் கொந்தளிப்பு கூடுவதும் முரணல்ல. ஓட்டம் இழக்கும் ஆற்றலில் ஒரு பகுதியே சுழிகளாக மாறுகிறது.

வெள்ளத்தைப் பொறுத்தவரை, ஓட்டத்தின் வேகத்தைக் கணக்கிடும் மானிங் சூத்திரத்தில் சுத்தமான, நேரான இயற்கை ஓடையின் கரடுமுரடு எண் (நீருக்குள்ள தடையைக் காட்டும் எண்) ஏறத்தாழ 0.030, களை அடர்ந்தால் அது 0.100 வரை உயரலாம். அப்படி உயர்ந்தால், சரிவு மாறாத அகன்ற கால்வாயில் அதே அளவு நீர் போவதற்கு ஆழம் ஏறக்குறைய இரு மடங்காக வேண்டும். ஆனால் பெருவெள்ளத்தில் வளையும் பாசி படுத்துவிடுவதால் தடை குறைகிறது. நாணல் போன்ற விறைப்பான செடிகள் அவ்வளவாக இடங்கொடுப்பதில்லை.

மட்டக்குளி வாசகி:
ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பாசியைப் பிடுங்கும்போது வேரோடு கரிய சேறு கட்டியாக வருவதைக் கவனித்திருப்பீர்கள். மெதுவான நீரில் படிந்த வண்டல் அது. அடியோடு அள்ளினால் அந்தச் சேறு கலங்கி ஓடும், வெறுமையான கரையும் அரிக்கப்படும்.

கால்வாயோரவாசி:
அப்படியானால் எவ்வளவு அகற்றுவது நல்லது?

நீரியல் ஆசிரியர்:
நடுவில் தொடர்ச்சியான ஒரு பாதையை வெட்டிவிட்டு, இரு கரைகளிலும் செடிகளை விட்டுவைப்பதே என் கருத்து. பெரும்பகுதி நீர் அந்தப் பாதையில் விரைந்து போய்விடும். ஆனால் பாதையை மிகக் குறுகலாக வெட்டினால் ஓட்டம் அதற்குள் நெருக்குண்டு அடிமண்ணைத் தோண்டும். மழைக்காலத்துக்கு முன்பே வெட்டி, வெட்டியதைக் கரையேற்றுங்கள். மிதக்க விட்டால் அது அடுத்த பாலத்தின் தூண்களில் சிக்கி நீரை மறிக்கும்.