முன்னாடி மட்டும் அகல டயர்: போட்டுப் பார்த்தவங்க அனுபவம்

தர்மபுரி உறுப்பினர்:

மச்சானோட வண்டி ஏழு சீட்டு டீசல், பின் சக்கரத்துல இழுக்கற வண்டி. கம்பெனி டயர் 235/65 ஆர்17 (அகலம் 235 மி.மீ., பக்கச் சுவர் உயரம் அதுல 65 சதவீதம், ரிம் 17 இன்ச்). முன்னாடி ரெண்டும் மொட்டையாப் போச்சு, பின்னாடி ரெண்டுலயும் இன்னும் பாதி பட்டன் (டயர் கட்டை) இருக்கு. அந்த நேரம் பார்த்து சேலத்துல ஒரு ஜோடி 8ஜே (எட்டு இன்ச் அகல) அலாய் ரிம், 255/60 ஆர்17 டயரோட செகண்ட்ஹேண்ட்ல கிடைச்சுது. டயர் கிட்டத்தட்ட புதுசு. "முன்னாடி மட்டும் போட்டுக்கலாம் மாப்ள, பார்க்கவும் கெத்தா இருக்கும்"னாரு. அவரு ஒண்ணு நினைச்சுட்டா அப்புறம் யாரு சொல்லியும் நடக்காது.

டயர் உயரத்தைக் கணக்குப் போட்டேன். 235/65 ஆர்17 மொத்தம் 737.3 மி.மீ., 255/60 ஆர்17 737.8 மி.மீ. அரை மில்லிதான் வித்தியாசம், ஸ்பீடோமீட்டர்கூட மாறாது. லோடு எண் 106, அதாவது டயருக்கு 950 கிலோ. அதுவும் போதும்.

வில்லங்கம் ரிம்லதான். கம்பெனி ரிம்முக்கு உள்பக்கம் 7ஜே, ஈ.டி. 45ன்னு அச்சு இருந்துச்சு. ஈ.டி.ன்னா ஆஃப்செட், அதாவது ரிம்மோட நடுக்கோட்டுல இருந்து ஹப்ல ஒட்டற முகம் எத்தனை மில்லி வெளியே இருக்குங்கறது. அலாய்ல 8ஜே, ஈ.டி. 30. ரிம் ஒரு இன்ச் கூடினா பக்கத்துக்கு 12.7 மில்லி. ஆஃப்செட் 15 குறைஞ்சா சக்கரமே அவ்வளவு வெளியே வரும். ஆக வெளிப்பக்க விளிம்பு 27.7 மில்லி தள்ளி நிக்குது. உள்பக்கம் பழையதைவிட ரெண்டு மில்லி இடம் கூடத்தான் இருக்கு, அதனால சஸ்பென்ஷன்ல எதுவும் படல. கடைப் பையன் உள்ளே விரலை விட்டுப் பார்த்து "நிறைய இடம் இருக்குண்ணா"ன்னது அந்தப் பக்கத்தைத்தான். சக்கரம் வெளியே போகப்போக, திருப்பும்போது அது அடிக்கிற வட்டம் பெருசாகும். அதை யாரும் விரல் விட்டுப் பார்க்கறதில்ல.

சமதரையில ஃபுல் லாக் (ஸ்டியரிங்கைக் கடைசி வரைக்கும்) அடிச்சோம், சத்தமே இல்ல. பாலக்கோட்டுப் பக்கம் மாந்தோப்புல வரப்பு மேல ஒரு சக்கரம் ஏறி, அதே நேரத்துல ஃபுல் லாக் ஒடிச்சப்போ "சர்ர்ர்"னு இழுத்துச்சு. இறங்கிப் பார்த்தா பம்பர் முடியற மூலையில உள் பிளாஸ்டிக் நாலு விரல் அகலத்துக்கு வழவழன்னு தேய்ஞ்சிருக்கு, ஒரு கிளிப்பைக் காணோம். இன்னொரு கிளிப் பாதி உருகி டயர் ரப்பரோட ஒட்டிக் கிடந்துச்சு. செம்மண்ணு கதவுக் கைப்பிடி வரைக்கும் தெறிச்சிருந்துச்சு. டயர் மட்கார்டைத் தாண்டி நின்னா இதான்.

உரசல்கூடப் பரவாயில்ல, கிளிப் வாங்கி மாட்டிக்கலாம். எனக்குப் பிடிக்காதது தொப்பூர் இறக்கம். காஞ்ச ரோட்டுல லாரிங்க பள்ளம் போட்ட தடத்துல ஸ்டியரிங் தானா அலையுது, அவ்வளவுதான். தூறல்ல இறங்கினப்போ ஒரு வளைவுல பிரேக்கைத் தொட்டதும் "பின்னாடி யாரோ பிடிச்சுத் தள்ற மாதிரி இருக்கு மாப்ள"ன்னாரு மச்சான். இருக்காதா பின்னே? இறக்கத்துல பிரேக் பிடிச்சா எடை பூரா முன்னாடி வரும், பின்பக்கம் லேசாகும். முன்னாடி புது 255 நல்லாக் கவ்வுது, பின்னாடி பாதி தேய்ஞ்ச 235 கவ்வல. வால் வீசத்தான் செய்யும். முன்னாடி வழுக்குனா ஆக்சிலரேட்டரை விட்டாப் போதும், வண்டி தானா அடங்கும். பின்னாடி வழுக்குனா நம்மள்ல எத்தனை பேரு நிறுத்துவோம்?

கிருஷ்ணகிரி உறுப்பினர்:

முந்தின ஆடி ஆர்.எஸ்.3 கார்ல கம்பெனிக்காரனே முன்னாடி 255, பின்னாடி 235 கொடுத்திருக்கானே அண்ணா. அப்ப அது தப்பா?

தர்மபுரி உறுப்பினர்:

அதுல அஞ்சு சிலிண்டர் எஞ்சின் முன் ஆக்சிலுக்கு முன்னாடி தொங்குது தம்பி. வளைவுல மூக்கு வெளியே ஓடற வண்டி அது, அதைச் சரிக்கட்ட அப்படிக் கொடுத்தான். சஸ்பென்ஷனையும் அதுக்குத் தகுந்த மாதிரி செட் பண்ணியிருப்பான். நம்ம உயர வண்டிக்கு அந்தக் கணக்கு சரிப்படாது.

ஓசூர் உறுப்பினர்:

4x4 வெச்சிருக்கறவங்க இதைப் படிங்க. எங்க கூட்டத்துல ஒருத்தர் முன்னாடி 265/65 ஆர்17, பின்னாடி 245/65 ஆர்17 போட்டுக்கிட்டு அஞ்செட்டிப் பக்கம் வந்தாரு. உயரத்துல 26 மி.மீ. வித்தியாசம். கிலோமீட்டருக்கு முன் சக்கரம் சுமார் 410 சுத்து, பின் சக்கரம் 424. 4எச் (நாலு சக்கர இழுப்பு) போட்டா முன்ஷாஃப்டும் பின்ஷாஃப்டும் பூட்டிக்கும், அந்த 14 சுத்துக்குப் போக்கிடம் கிடையாது. மண்ணுல டயர் கொஞ்சம் வழுக்கி விட்டுக்கொடுக்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் வண்டி கட்டிப் போட்ட மாதிரி முக்குச்சு, லிவர் 2எச்சுக்கு (ரெண்டு சக்கர இழுப்பு) வரவே மாட்டேன்னுச்சு. ரிவர்ஸ் கொஞ்ச தூரம் ஓட்டின பிறகுதான் "டக்"னு விழுந்துச்சு. கியர் லிவரை ரெண்டு கையால இழுத்துக்கிட்டிருந்தவர் முகத்தைப் பார்க்கணுமே! ஆட்டோமேட்டிக் ஆல்-வீல் டிரைவா இருந்தா சத்தமே வராது, உள்ளே முன்னையும் பின்னையும் இணைக்கற கப்ளிங் சூடாகிக்கிட்டே இருக்கும். அது இன்னும் மோசம்.

ஊத்தங்கரை உறுப்பினர்:

1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவையும் பார்த்துக்கோங்க. ஆர்.சி.யில இருக்கற கம்பெனி விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு இருக்கு. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிச்சு. மட்கார்டுக்கு வெளியே டயர் நின்னா செக்கிங்ல முதல்ல கண்ணுல படறது அதுதான். இன்சூரன்ஸ்லயும் எழுதிக் கொடுத்துடுங்க.

பென்னாகரம் உறுப்பினர் (டயர் கடை):

நான் கடை போட்டிருக்கறவன், வியாபாரம் கெட்டாலும் பரவாயில்ல, சொல்லிடறேன். ரெண்டே ரெண்டு புது டயர் வாங்கறீங்களா, அதைப் பின்னாடி போடுங்க, பழசை முன்னாடி கொண்டாங்க. பத்துல எட்டுப் பேரு "ஸ்டியரிங் இருக்கற பக்கம்தானேப்பா நல்ல டயர் வேணும்"னு சண்டைக்கு வருவாங்க. ஒகேனக்கல் ரோட்டுல மழையில போய்ட்டு வந்தாத் தெரியும்.

இன்னொண்ணு, ஸ்டெப்னியை யாருமே நினைக்கறதில்ல. முன்னாடி ஒரு சைஸ், பின்னாடி ஒரு சைஸ்னா பின்னாடி இருக்கற ஒத்த ஸ்டெப்னி ரெண்டுல ஒரு பக்கத்துக்குத்தான் பொருந்தும். ராத்திரி அஞ்செட்டிக் காட்டுக்குள்ள முன் டயர் போனா என்ன பண்ணுவீங்க?

கிருஷ்ணகிரி உறுப்பினர்:

அண்ணா, அப்ப கம்பெனி ரிம்லயே ஸ்பேசர் (ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவுல வைக்கற தட்டு) வெச்சு வெளியே தள்ளிக்கலாமா? டயரை மாத்த வேண்டாமே.

பென்னாகரம் உறுப்பினர் (டயர் கடை):

ஆஃப்செட் குறையறது ரெண்டுலயும் ஒண்ணுதான் தம்பி. வீல் பேரிங்குக்கு இழுப்பு கூடும், கூடவே போல்ட் பிடிக்கிற மரை குறையும். வேண்டாம். எந்த மாத்து ரிம்மா இருந்தாலும் நடு ஓட்டை ஹப் மேல சரியா உட்காருதான்னு பாருங்க, இடைவெளி இருந்தா சென்டர் ரிங் போடச் சொல்லுங்க. இல்லைன்னா எத்தனை தடவை பேலன்சிங் பண்ணினாலும் 80ல ஸ்டியரிங் உதறும். மாட்டினதும் அலைன்மென்ட். அம்பது கிலோமீட்டர் ஓடினதும் நட்டை மறுபடி டார்க் ரெஞ்ச்ல (முறுக்கு அளவு காட்டற ஸ்பேனர்) பாருங்க. எங்க கடைக்கு வந்தா அதுக்குக் காசு வாங்கறதில்ல.