பரண்மேல் கிடைத்த வாண்டுமாமா

சிறுவர் கதை எழுத்தாளர் வாண்டுமாமாவை நான் நேரில் பார்த்ததில்லை. 1986ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், சித்தப்பா வீட்டுப் பரண்மேல் கிடைத்த பழைய பைண்டிங் ஒன்றுதான் அவரை எனக்கு அறிமுகப்படுத்தியது. பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்தவர் யாரோ, ஓரத்தைச் சற்று அதிகமாகவே வெட்டிவிட்டார். வரிகளின் கடைசி எழுத்துகள் பாதியாக நின்றன. தலைப்புப் பக்கம் இல்லை. கதாநாயகன் உயிருக்கே ஆபத்தான இடத்தில் மாட்டிக்கொண்டதும் 'தொடரும்' என்று இருந்தது. அதற்குப் பின் வெறும் அட்டைதான்.

தங்கைக்கு நான்தான் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். முடிவு இல்லை என்று சொல்ல மனம் வராமல், அந்த வெற்று அட்டையைப் பார்த்தபடியே, பேசும் கிழட்டு ஆமை ஒன்றை வரவழைத்து அவனைக் காப்பாற்றிவிட்டேன். அவள் முழுமையாக நம்பினாள்.

புதுக்கோட்டை மாவட்டத்து அரிமளத்தில் 1925இல் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்திதான் வாண்டுமாமா என்பதும், பெரியவர்களுக்குக் கௌசிகன் என்ற பெயரில் எழுதியவரும் அவரே என்பதும் எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தன. அவர் ஆசிரியராக இருந்த 'பூந்தளிர்' இதழ்களைத் தேடித் தேடி வாசித்த காலத்தில் ஒன்றைக் கவனித்தேன்: மந்திரவாதியைப் பற்றி எழுதினாலும் அறிவியல் செய்தியை விளக்கினாலும், குழந்தைதானே என்று அவர் குரலைக் குழைப்பதில்லை. இன்று சிறுவர்களுக்கு எழுத உட்காரும்போதெல்லாம் நான் இழுத்துப் பிடித்துக்கொள்ள முயல்வது அந்தக் குரலைத்தான். (பெரும்பாலும் தோற்றுப்போகிறேன், ஆமைகள் வந்துவிடுகின்றன.)

2014 ஜூனில் அவர் மறைந்த செய்தியைப் படித்த பிறகுதான் அந்தக் கதையைத் தேடும் எண்ணமே வந்தது. தலைப்புத் தெரியாததால், புத்தகக் கண்காட்சியில் மறுபதிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து முதல் பத்தியை வாசித்தேன். ஐந்தாவது புத்தகத்தில் அந்த வரிகள் வந்தன. இம்முறை கடைசி எழுத்துகள் முழுதாக இருந்தன. அவர் எழுதிய முடிவு என்னுடையதைவிட எளிமையானது, ஏமாற்று வேலை இல்லாதது.

இரண்டு பிரதிகள் வாங்கி ஒன்றைத் தங்கைக்கு அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணா, இதில் ஆமையையே காணோமே. மறுபதிப்பில் விட்டுவிட்டார்களா?"

இன்னும் நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை.