இரட்டை சிபியு மதர்போர்டு: பாதி கோர்தான் தெரிகிறது, கேமும் திணறுகிறது

கணினிக்காதலன்:
வணக்கம் நண்பர்களே. சர்வரிலிருந்து கழற்றிய இரட்டை சாக்கெட் (இரண்டு சிபியு பொருத்தும்) மதர்போர்டு ஒன்றை வாங்கினேன். ஜியான் இ5-2680 வி4 சிபியு இரண்டு, 16 ஜிபி இசிசி (பிழை திருத்தும்) ரேம் நான்கு, நான்கும் முதல் சிபியு பக்கம். பயாஸில் இரண்டு சிபியுவும் தெரிகின்றன. விண்டோஸ் 10 டாஸ்க் மேனேஜரில் 56க்குப் பதில் 28 த்ரெட்தான் (கோருக்கு இரண்டு த்ரெட், அதாவது வேலைத் தொடர்). கேம்கள் என் பழைய ஆறு கோர் ரைசனைவிட மோசம். நடுநடுவே திக்கித் திக்கி நிற்கின்றன. கிராபிக்ஸ் கார்டு அதேதான், கீழ் ஸ்லாட்டில் இருக்கிறது. எங்கே பார்க்க வேண்டும்?

தறி:
வின்வர் (விண்டோஸ் பதிப்பைக் காட்டும் கட்டளை) ஓட்டிப் பாருங்கள், ஹோம் பதிப்பா? ஹோம் ஒரு சாக்கெட்டைத்தான் பயன்படுத்தும். இரண்டுக்கு ப்ரோ வேண்டும்.

கணினிக்காதலன்:
ஹோம்தான். அப்போ ப்ரோ போட்டால் கேமும் சரியாகிவிடுமா?

பழையசாக்கெட்:
கோர் எண்ணிக்கை சரியாகும், கேம் ஆகாது தம்பி. இன்னும் மோசமாகவும் வாய்ப்பு உண்டு.

இந்த போர்டில் ஒவ்வொரு சிபியுவுக்கும் தனி மெமரி கன்ட்ரோலர், ரேமுக்குப் போகும் பாதையாக நான்கு சேனல், கார்டுகளுக்கான பாதையாக 40 பிசிஐஇ லேன். ஒன்றின் ரேமை மற்றது தொட வேண்டுமானால் இரண்டு சிபியுவுக்கும் நடுவிலுள்ள க்யூபிஐ இணைப்பைத் தாண்டிப் போக வேண்டும். ஆற்றுக்கு இக்கரையில் ஒரு வீடு, அக்கரையில் ஒரு வீடு, நடுவில் பாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ரேம் முழுக்க இக்கரையில். ப்ரோ போட்டதும் இரண்டாவது சிபியு ஒவ்வொரு தரவுக்கும் பாலம் ஏறி வரும். கிராபிக்ஸ் கார்டோ இப்போதே அக்கரையில் இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். மேனுவலில் பிளாக் டயகிராம் பாருங்கள், எந்த ஸ்லாட் எந்த சிபியுவுக்கு என்று போட்டிருக்கும். முதலில் கார்டை முதல் சிபியுவின் ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள்.

ரேமை இரண்டு இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு இரண்டு சேனல்தான். எல்லாச் சேனலும் நிரம்ப எட்டு ரேம் வேண்டும். இரட்டை போர்டில் செலவு இப்படித்தான் ஏறும்: ரேம், கூலர், 8 பின் சிபியு பவர் எல்லாமே இரண்டு மடங்கு.

இவ்வளவும் செய்தாலும் பல கேம்களில் முக்கிய வேலை ஓரிரு த்ரெட்டில்தான் ஓடும். உங்கள் சிபியுவின் டர்போ (தானாக வேகம் கூட்டும்) உச்சம் 3.3 கிகாஹெர்ட்ஸ். இன்னொரு 14 கோர் சேர்த்தாலும் அந்த ஒரு த்ரெட் வேகமாகாது. 1999-இல் ஆபிட் பிபி6 போர்டில் இரண்டு செலரான் சிபியு போட்டவர்களுக்கும் இதே கதைதான். விண்டோஸ் 98 ஒன்றைத்தான் கண்டுகொண்டது.

தறி:
அண்ணன் சொல்வது கேமுக்குச் சரி. ரெண்டரிங், பெரிய கம்பைல், விர்ச்சுவல் மெஷின் (விஎம், கணினிக்குள் ஓடும் மென்பொருள் கணினி) என்றால் நான் இந்த போர்டை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒவ்வொரு விஎம்மையும் ஒரு நோடிலேயே (ஒரு சிபியுவும் அதன் ரேமும்) பின் பண்ணி, அங்கேயே ஓடும்படி கட்டிவிட்டால் அருமையாக ஓடும். பயாஸில் நோட் இன்டர்லீவிங் (இரு பக்க ரேமையும் கலந்து ஒன்றாகக் காட்டும் அமைப்பு) மட்டும் அணைந்தே இருக்கட்டும், இல்லையென்றால் எந்த ரேம் எந்தப் பக்கம் என்று இயங்குதளத்துக்கே தெரியாது.

கணினிக்காதலன்:
கீழ் ஸ்லாட் இரண்டாவது சிபியுவுடையதேதான்! கார்டை மேலே மாற்றினேன், திக்கல் நின்றுவிட்டது. ஃப்ரேம் எண்ணிக்கை ரைசனைவிட இன்னும் கொஞ்சம் குறைவு. நமக்கு கேம்தான் முக்கியம். இரண்டாவது சிபியுவைக் கழற்றிவிடலாமா?

பழையசாக்கெட்:
தாராளமாக. 120 வாட் சிபியு ஒன்று சும்மா உட்கார்ந்து மின்சாரம் தின்ன வேண்டாம். ஆனால் அந்தப் பக்க ரேம் ஸ்லாட், பிசிஐஇ ஸ்லாட் எல்லாம் செத்துவிடும். எஸ்எஸ்டி ஏதாவது அங்கே இருந்தால் முதலில் இடம் மாற்றுங்கள். கழற்றியதும் சாக்கெட்டுக்கு பிளாஸ்டிக் மூடி போட மறக்காதீர்கள். அந்தப் பின்கள் விரல் பட்டாலே வளையும்.