மாமனார் 'வாரும்' என்கிறார், கோபப்படலாமா?

பொள்ளாச்சிக்காரன்:
போன தையில் கல்யாணம். பெண் வீடு அம்பாசமுத்திரம். எங்கள் பக்கம் அஞ்சாங்கிளாஸ் பையனைக்கூட "வாங்க தம்பி, சாப்டீங்களா" என்றுதான் கேட்போம். மாமனாரோ என்னை "வாரும் மாப்ள, உக்காரும், காப்பி குடியும்" என்கிறார். காப்பியை ஆற்றிக் கையில் தருவதும் அவரேதான். ஆனால் கூட வந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது: "மாப்பிள்ளைக்கு ஒரு 'ங்க' போடக் கூடாதா?" நான் என்ன செய்ய?

பாளையங்கோட்டை வாசி:
ஓய், உமக்குக் கிடைத்தது மரியாதைதான்! அவர் தன் மகனைக் கூப்பிடும்போது கவனியும், "வாலே" என்பார். 'நீர்' என்பது 'நீ'க்கு மேலே, 'நீங்க'வுக்குக் கீழே. உரிமையும் இருக்கும், மரியாதையும் இருக்கும்.

யாழ் வாசகி:
யாழ்ப்பாணத்திலும் நீ, நீர், நீங்கள் மூன்றும் புழங்குது. என்ர அவர் என்னை "நீர் வாரும்" எண்டுதான் கூப்பிடுவார், நான் அவரை 'நீங்கள்' எண்டுதான். அந்த ஏற்றத்தாழ்வு எனக்குப் பிடிக்காது, அது வேற கதை.

பாளையங்கோட்டை வாசி:
ஒன்று, நீர் திருப்பி அவரை 'நீர்' என்று சொல்லிவிடாதேயும்! பெரியவருக்கு 'நீங்க மாமா'தான். அப்புறம், அம்மாவிடம் உம்ம வீட்டம்மாவே விளக்கட்டும். நீர் போய்ச் சொன்னால் கட்சி மாறிவிட்டான் என்பார்கள்.