பீர்க்கை பந்தல்ல எலை மஞ்சளாகி கருகுது, சத்து கொறையா நோயா?

பாலக்கோடு பந்தல்:
எல்லாருக்கும் வணக்கம். 30 சென்ட்ல பீர்க்கை போட்டு பந்தல்ல ஏத்தி வுட்ருக்கேன், சொட்டு நீர்தான், இப்பதான் காய் பறிக்க ஆரம்பிச்சோம். அதுக்குள்ள அடி எலையில மஞ்ச மஞ்சளா புள்ளி வந்து அப்படியே காஞ்சு மேல ஏறிட்டே போகுது. மருந்து கடையில போட்டோ காட்டுனா சத்து கொறைன்னு நுண்ணூட்டம் குடுத்தாங்க, அடிச்சும் ஒண்ணும் கேக்கல. பக்கத்து காட்டுக்காரர் கந்தகத்தூள் தூவுங்கறார். காத்தால வெயில் ஏர்ற வரைக்கும் பனி வேற. என்ன அடிக்கலாம்?

ராயக்கோட்டை தக்காளி:
வைரஸா இருக்கும் ப்ரோ, எங்க பக்கம் பூரா அதான். புடுங்கி போட்டுட்டு வேற வேலைய பாருங்க.

காவேரிப்பட்டினம் தோட்டம்:
அதுக்குள்ள ஏன் புடுங்க சொல்றீங்க 😀 அண்ணா மொதல்ல கந்தகத்தூள் வேணாம், பூசணி வெள்ளரி குடும்பத்துக்கே கந்தகத்தூளும் தாமிரத்தூளும் ஆகாது, எலை பொசுங்கிடும், வேளாண் பல்கலைக்கழக குறிப்புலயே போட்டிருக்கு. எந்த மருந்தும் வாங்கறதுக்கு முன்னாடி காத்தால பனி காயறதுக்குள்ள போய் புள்ளி இருக்கற எலைய திருப்பி பாருங்க. புள்ளி நரம்போட நின்னு கட்டம் கட்டமா இருந்து அடிப்பக்கம் சாம்பலும் ஊதாவும் கலந்த மாதிரி பூஞ்சை தெரிஞ்சா அது அடிச்சாம்பல் நோய். மேல்பக்கம் திருநீறு பூசுன மாதிரி வெள்ளையா இருந்தா அது வேற, சாம்பல் நோய். மக்னீசியம் கொறைன்னா பழைய எலையில நரம்பு பச்சையா நின்னு எடையில மட்டும் மஞ்சளா இருக்கும், பூஞ்சை ஒண்ணும் இருக்காது. மத்தியானம் போட்டோ எடுத்து காட்டுனா கடைக்காரருக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும், அவர சொல்லி குத்தமில்ல. கொழுந்து எப்படி இருக்கு?

பாலக்கோடு பந்தல்:
பாத்தேன் தம்பி. நீங்க சொன்ன மாதிரியே கட்டம் கட்டமா இருக்கு, அடியில பூஞ்சை இருக்கு. ஆனா ஓரமா நாலஞ்சு கொடியில கொழுந்தும் சுருண்டு மஞ்சளும் பச்சையும் திட்டு திட்டா இருக்கு, தட்டுனா வெள்ளையா சின்ன ஈ பறக்குது. பக்கத்துல தக்காளி காடு.

காவேரிப்பட்டினம் தோட்டம்:
அப்ப ரெண்டும் இருக்கு, ராயக்கோட்டை அண்ணன் சொன்னதும் பாதி சரி. அந்த நாலஞ்சு கொடி வைரஸ், வெள்ளை ஈ தக்காளியில இருந்து கொண்டு வர்றது, தக்காளிய சுருட்டற அதே வைரஸ் பீர்க்கைக்கும் வரும். அதுக்கு மருந்து கெடையாது, வேரோட எடுத்து பொதச்சிடுங்க, மஞ்ச ஒட்டுப்பொறி கட்டுங்க, வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி காதி சோப்பு கரைசலோட அடிங்க. மத்த கொடியெல்லாம் இருக்கட்டும். ரொம்ப காஞ்ச அடி எலைய கிள்ளி வெளிய போட்டுட்டு அடிச்சாம்பலுக்கு மேங்கோசெப்ங்கற பூஞ்சை மருந்து லிட்டருக்கு 2 கிராம், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 20 கிராம், எலைக்கு அடிப்பக்கம் நனையற மாதிரி அடிங்க, 10 நாள் கழிச்சு இன்னொரு தடவ. புள்ளி வந்த எலை திரும்ப பச்சை ஆவாது, புது எலை சுத்தமா வருதான்னு மட்டும் பாருங்க. பறிக்கற காயெல்லாம் பறிச்சுட்டு அடிங்க, அப்புறம் எத்தன நாள் விட்டு பறிக்கணும்னு பாக்கெட்லயே இருக்கும்.

ராயக்கோட்டை தக்காளி:
சாயங்காலம் அடிக்கறதுதான நல்லது?

காவேரிப்பட்டினம் தோட்டம்:
வெள்ளரிக்கு சரி, அது காத்தால பூக்கறது. பீர்க்கம்பூ சாயங்காலம்தான் விரியும், அந்நேரம் அடிச்சா தேனீ வராது காய் புடிக்காது. காத்தால பனி காஞ்சதும் அடிச்சிடுங்க.

பாலக்கோடு பந்தல்:
சரி தம்பி, ரொம்ப நன்றி. பாப்பாரப்பட்டி கேவிகே-லயும் (வேளாண் அறிவியல் நிலையம்) ஒரு தடவ காட்டிடறேன்.

காவேரிப்பட்டினம் தோட்டம்:
காட்டுங்கண்ணா. எலைய பிளாஸ்டிக் கவர்ல போடாதீங்க, போய் சேர்றதுக்குள்ள வெந்துடும். பேப்பர்ல சுத்தி, கருகுனது ஒண்ணு, பாதி மஞ்சளானது ஒண்ணு, சுருண்ட கொழுந்து ஒண்ணு தனித்தனியா எடுத்துட்டு போங்க.