லிஃப்ட் கதவைப் பிடிப்பதும் ஊழியமா?

ஈசூன்வாசி:
நான் இரவுப்பணி பார்க்கும் தாதி. ஞாயிறு ஆராதனைக்கே தூக்கக் கலக்கத்தோடுதான் போகிறேன். பாடகர் குழுவில் சேர வழியில்லை. “சபைக்கு என்ன செய்கிறாய்?” என்று மூத்த அக்கா ஒருவர் கேட்டார். எங்கள் வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் அட்டை சேகரிக்கும் சீனப் பாட்டிக்காகப் பெட்டிகளை மடித்துக் கட்டி வைப்பேன், தள்ளுவண்டி ஏறும்வரை லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொள்வேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. இதெல்லாம் கணக்கில் வருமா?

கம்போங் பாரு அண்ணன்:
தங்கச்சி, மத்தேயு 10:42-ஐப் பாருங்கள். சிறியவர் ஒருவருக்கு ஒரு கலசம் தண்ணீர் கொடுப்பவர்கூடப் பலனை இழக்கமாட்டார் என்கிறார் ஆண்டவர்! நாங்கள் கத்தோலிக்கர், எங்கள் பகுதித் தேவாலயம் குழந்தை இயேசுவின் தெரேசாள் பெயரில் இருக்கிறது. 1897-இல், 24 வயதில் மறைந்த கன்னியாஸ்திரீ அவர். மடத்தைவிட்டு வெளியே போய் எதையும் சாதிக்கவில்லை. தமக்குச் சற்றும் ஒத்துப்போகாத சகோதரியிடம் முகம் சுளிக்காமல் சிரித்ததையே பெரிய தவமாக நினைத்தார். (அது லிஃப்ட் கதவைவிடக் கடினம். என் அலுவலகத்தில் முயன்று பார்த்திருக்கிறேன்.)

தேக்கா வாசகர்:
வருத்தப்படாதீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். யாக்கோபு 2:15, 16-ஐயும் சேர்த்துப் படியுங்கள். பசித்தவரை வாழ்த்தி அனுப்புவதால் என்ன பயன் என்கிறார். பாட்டி சாப்பிட்டாரா என்று கேட்டீர்களா?

ஈசூன்வாசி:
கேட்கவில்லை, ஐயா. எனக்கு மாண்டரின் தெரியாது. எதிர்வீட்டுப் பெண்ணை அழைத்துக்கொண்டு நாளை கேட்கிறேன்.